கரமனைக் கிண்ணம்

உடைந்த கிண்ணத்தின் ஏழு துண்டுகளையும் மேல்துண்டில் முடிந்து கொண்டுவந்து, வழுதக்காட்டு மண்பாண்ட வகுப்பின் மேஜைமேல் வைத்தார் சுந்தரராமன்.

"இதே மாதிரி ஒண்ணு வேணும். நாளைக்கு."

அங்கே கற்றுக்கொடுக்கிற ஷில்பா, கையிலிருந்த களிமண்ணைத் துடைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள்.

"நாளைக்கா? மண்ணு காயவே ஒரு வாரம் ஆகும் அங்கிள். பின்னே ஒரு தடவை சுடணும், மேலே கிளேஸ் பூசி இன்னொரு தடவை சுடணும். அதுவுமில்லாம நாங்க ஆர்டர் எடுக்கறதில்லே. கத்துக்கொடுப்போம், அவ்ளோதான்."

"அப்போ கத்துக்கொடு."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய மகள் ஜானவிக்கும் கரமனை ராமசேஷனின் மகன் கைலாஷுக்கும் நிச்சயதார்த்தமாகி நாலு மாதம். வைகாசியில் கல்யாணம். போன வாரம் சம்பந்தி வீட்டு டிரைவர் ஷைஜு, இந்தக் கிண்ணம் நிறையப் பால்பாயசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். மனைவி ஜெயலக்ஷ்மி மும்பையில், மூத்த மருமகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அறுபத்தாறு வயதுவரை அடுக்களைப் பாத்திரம் எதையும் ஏறிட்டுப் பார்த்தறியாத சுந்தரராமன், பிறத்தியார் பாத்திரமாயிற்றே என்று தானே கழுவி, பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தார். ஃப்ரிட்ஜ் உறுமி நடுங்கும்போதெல்லாம் கிண்ணம் ஒரு நூல் நகர்ந்தது. மூன்றாம் நாள் விளிம்புக்கு வந்து சேர்ந்தது.

சம்பந்தி வீட்டிலிருந்து வந்த முதல் பாத்திரம். அதை உடைத்த வீடு என்ற பேர், கோட்டைக்ககத்தில் நாலு தலைமுறையாக வாழ்கிற குடும்பத்துக்கு வரலாகாது. கிண்ணம் முழுசாகவும், வெறுமனே அல்லாமல் ஒரு இனிப்போடும் திரும்பிப் போக வேண்டும். அதுதான் முறை. ஜெயலக்ஷ்மியிடம் அவர் சொல்லவில்லை. அவளுக்கு நாலு தங்கைகள்.

ஷில்பா ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது புதுசா படிக்கறவங்க பண்ணின மாதிரி இருக்கே அங்கிள். விளிம்பு கோணல். நீலப்பூவுல ஒரு இதழ் குட்டை. இங்கே பாருங்க, கிளேஸ் வழிஞ்சு ஒரு சொட்டு தொங்குது."

"குழந்தே, கரமனையில பாதித் தெரு அவாளோடதாயிருந்தது. அவா ஆத்துல கோணல் வராது. அது வேலைப்பாடாக்கும்."

நாலு கிண்ணம் செய்து முதல் சூடு காட்டி எடுப்பதற்குள் மூன்று வாரம் போயிற்று. அதில் சிரமமில்லை, கோணல் தானாகவே வந்தது. வினை நிறத்தில்தான் ஆரம்பித்தது.

சுட்ட கிண்ணத்தில் அண்டர்கிளேஸ் என்ற நிறத்தால் பூவைத் தீட்ட வேண்டும். அதன்மேல், சூளையில் உருகிக் கண்ணாடியாகிற கிளேஸில் முக்க வேண்டும். ஷில்பா ஒரு வாளியைக் காட்டினாள். உள்ளே ரோஸ் நிறத்தில் கஞ்சிபோல ஏதோ இருந்தது.

"இதுதான் சுட்டா இளம்பச்சை ஆகும்."

"எனக்குக் கண் தெரியும்," என்றார் சுந்தரராமன். அவள் போன் பேசப் போன நேரத்தில், பச்சையாகவே இருந்த பக்கத்து வாளியில் கிண்ணத்தை முக்கினார். சூளையிலிருந்து அது ஆறிப்போன ரசத்தின் நிறத்தில் வெளியே வந்தது.

அன்று மாலை ராமசேஷன் போன் செய்தார். குரல் தயங்கிற்று.

"சம்பந்தி, அந்தக் கிண்ணம்... வந்து சேர்ந்ததோல்லியோ? நன்னா இருக்கோ?"

"பேஷா இருக்கு. அதைப் பாக்காத நாளே இல்லை."

"தெனமுமா பாக்கறேள்?"

"உத்துப் பாக்கறேன். ஒவ்வொரு இதழா."

"ஆட்டே, சரி," என்று ராமசேஷன் போனை வைத்துவிட்டார்.

கிண்ணத்தைக் கேட்கிறார், மரியாதைக்காக நேரே கேட்கவில்லை. சுந்தரராமனுக்கு அது புரிந்தது. இரண்டாவது கிண்ணத்தைச் சொன்னபடியே ரோஸ் வாளியில் முக்கினார். ஆனால் எண்ணெய் தேய்த்த தலையை ஐந்து விரலாலும் கோதிவிட்டு, அதே கையால் கிண்ணத்தைப் பிடித்திருந்தார். எண்ணெய் பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டவில்லை. கிண்ணத்தின் மேல் ஐந்து விரல் அப்படியே பதிந்திருந்தது, யாரோ அதைக் கன்னத்தில் அறைந்த மாதிரி.

மூன்றாவதற்குச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிக்கொண்டார். குறை வரக்கூடாது என்று ஒன்றுக்கு மூன்று முறை முக்கினார். அடிப்பக்கத்து கிளேஸைத் துடைக்கச் சொன்னதையும், அரைகுறை வேலை நம் குடும்பத்தில் இல்லை என்று துடைக்காமல் விட்டார். கிளேஸ் உருகி வழிந்து கிண்ணம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த, டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் ஆர்யாவின் பூச்சாடியும் அதனோடு ஒட்டிக்கொண்டது. உளி வைத்துத்தான் பிரிக்க முடிந்தது, மூன்றும் போயின.

"பரவாயில்ல அங்கிள்," என்றாள் ஆர்யா. "ஆறு வாரம்தான் ஆச்சு அதுக்கு."

தலைமைச் செயலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் யாரிடமும் மன்னிப்புக் கேட்காதவர் அன்று கேட்டார். ஒன்றல்ல, சூளைத் தட்டுக்காக ஷில்பாவிடம் இன்னொன்று.

மறுநாள் மறுபடி ராமசேஷன்.

"வேற ஒண்ணுமில்லை சம்பந்தி. அந்தக் கிண்ணத்தைப் பாத்தா உங்களுக்கு ஏதாவது... தோணித்தா?"

"தோணித்து. இப்படி ஒண்ணைப் பண்ண ஆரால முடியும்னு தோணித்து."

போன் துண்டிக்கப்பட்டது. பிறகு நாலு முறை இவர் கூப்பிட்டும் எடுக்கவில்லை. கைலாஷும் இப்போதெல்லாம் சரியாகப் பேசுவதில்லை என்று பெங்களூரிலிருந்து ஜானவி சொன்னாள். "அவா அப்பா சரியாச் சாப்பிடறதுகூட இல்லையாம்ப்பா. நீ ஏதாவது சொன்னியா?"

விஷயம் கல்யாணம்வரை போய்விட்டது. மீதி இருந்தது ஒரே ஒரு கிண்ணம்.

அதற்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டார். ஓட்டுத் துண்டுகளில் பரிசோதனை செய்து, எண் போட்டு, எந்த நீலம் எத்தனை பூச்சில் எப்படி மாறுகிறது என்று நோட்டில் எழுதினார். குட்டை இதழைக் குட்டையாகவே தீட்டப் பழகினார். சொட்டு மட்டும் படியவில்லை.

"சொட்டு வேண்டாம் அங்கிள், அது தப்பாக்கும்," என்றாள் ஷில்பா.

"தப்பானாலும் அவா தப்பு. அதைத் திருத்த நான் ஆரு?"

கடைசியில் விளிம்புக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் கிளேஸைக் கனமாக வைத்தார். சூளை திறந்தபோது இளம்பச்சை, நீலப்பூ, குட்டை இதழ், தொங்கும் சொட்டு. ஷில்பா பழைய துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள். ஆர்யா கைதட்டினாள்.

பழவங்காடியில் வாங்கிய திரட்டுப்பாலைக் கிண்ணத்தில் நிரப்பி, சரிகை வேஷ்டி கட்டிக்கொண்டு கரமனைக்குப் போனார்.

கதவைத் திறந்த ராமசேஷனின் பார்வை நேராகக் கிண்ணத்துக்குப் போயிற்று. இரண்டு கையாலும் வாங்கினார்.

"அதே கிண்ணம்," என்றார்.

"அதேதான். முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ? உங்க கிண்ணம் உங்ககிட்டயே வந்து சேரணும்."

ராமசேஷன் நாற்காலியில் உட்கார்ந்தார். "கல்யாணம்..."

"கல்யாணத்துக்கென்ன? வைகாசியில ஜாம்ஜாம்னு நடக்கும்."

"உங்களுக்குப் பெரிய மனசு," என்று சொல்லி, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. காப்பியும் வரவில்லை. மனிதர் நெகிழ்ந்துபோய்விட்டார் என்று தோன்றியது. குடும்பத்தின் பேர் நின்றது. சுந்தரராமன் நிமிர்ந்த முதுகோடு படியிறங்கினார்.

கேட்டருகே கார் கழுவிக்கொண்டிருந்த ஷைஜு குழாயை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"ஒரு காரியம் சொல்லட்டா சாரே? நிச்சயத்துக்கு உங்க வீட்டு மாமி மைசூர்பாகு கொடுத்தனுப்பின கிண்ணம் எங்க சார் கைதவறி உடைஞ்சுபோச்சு. ஆருக்கும் தெரியாம மூணு மாசம் தூரத்துல ஒரு களிமண்ணு கிளாஸுக்குப் போய், பாவம், அவரே ஒண்ணு உண்டாக்கிப் பாயசத்தோட திருப்பி அனுப்பினார் — அதைக் கண்டுபிடிச்சதுதான் கண்டுபிடிச்சீங்க, இப்படி அவர் முகத்துக்கு நேராக் கொண்டுவந்து நீட்டணுமா?"