இரண்டாயிரத்து நானூறு டாலர் துப்பாக்கி

விலை கூடிய வேட்டைத் துப்பாக்கி, கொடுக்கும் காசுக்குத் தகும் என்பதை என் மனைவிக்குப் புரியவைத்தே தீருவது என்று தீர்மானித்தேன். வாங்குவதற்கு முன்பே இந்தத் தீர்மானம் வந்திருந்தால் உத்தமம். வாங்கி, பக்கத்து வீட்டு ஆர்லோவின் கொட்டகையில் ஒளித்துவைத்த பிறகுதான் வந்தது. பணம், சலவை மெஷினுக்காக மார்லா சேர்த்து வைத்தது.

எங்கள் மொன்டானாவில் ஓர் எல்க் மான் கிடைத்தால் குளிர்காலம் முழுக்க ஃப்ரீசர் நிறைந்திருக்கும். கிடைக்காவிட்டால் பேச்சு நிறைந்திருக்கும். போன வருஷம் எங்கள் வீட்டில் பேச்சுதான். நான் சுட்ட சத்தம் கேட்டு மான் ஓடக்கூட இல்லை. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே போனது.

காலைக் காப்பியின்போது மெல்ல ஆரம்பித்தேன்.

"மார்லா, போன வருஷம் மான் ஏன் தப்பிச்சுது தெரியுமா?"

"தெரியுமே. நீங்க சுட்டீங்க."

"என் குறியில என்ன குறை? இந்தப் பள்ளத்தாக்கிலேயே என்னை மாதிரி சுடறவன் உண்டா? அந்தப் பழைய துப்பாக்கி சரியில்ல. நானூறு டாலர் சாமான், வேற எப்படி இருக்கும்?"

"ஆர்லோ கொட்டகையில இருக்கறது எத்தனை டாலர் சாமான்?"

காப்பி மூக்கில் ஏறியது. ஆர்லோவின் பெண்டாட்டிக்கு வாய் நிற்காது.

மார்லா கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். "காசுக்குத் தகும்னு காட்டுங்க, வச்சுக்கலாம். இல்லேன்னா வித்துட்டு மெஷின் வாங்கிடுவேன்" என்றாள் சாந்தமாக.

சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போனோம். நூறு கஜத்தில் ஒரு காகிதத் தட்டு. முதலில் பழைய துப்பாக்கி. ஒரு குண்டும் தட்டில் படவில்லை. பாதி வேண்டுமென்றே, பாதி தானாக. அடுத்து புதியது. தட்டின் ஓரம் இரண்டு இடத்தில் பிய்ந்தது!

"பாத்தியா? இதுல குறி பாக்கத் தெரியாதவங்ககூட அடிக்கலாம். ஏன், நீயே அடிப்பே!"

மார்லா துப்பாக்கியைக் கையில் வாங்கினாள். மூன்று முறை சுட்டாள். தட்டின் நடுவே மூன்று ஓட்டை, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு.

"நீங்க சொன்னது நெசந்தான். காசுக்குத் தகும்" என்றாள். கல்யாணமான நாள் முதல் நான் ஜெயித்த முதல் வழக்கு. அன்று மாலை ஆர்லோவுக்கு பீர் வாங்கிக் கொடுத்தேன்.

வேட்டை தொடங்கும் நாள் விடியற்காலை. ஆர்லோ என்னைக் கூப்பிட வாசலில் நிற்கிறான். உள்ளேயிருந்து வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மார்லா வந்தாள். தோளில் புதுத் துப்பாக்கி. கையில் அவள் பெயரில் வேட்டை அனுமதிச் சீட்டு.

"அது என்னோடது!"

"சுடத் தெரியாதவங்களுக்கு இதுதான் லாயக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? பள்ளத்தாக்குலயே பெரிய கை நீங்க. உங்களுக்கு எந்தத் துப்பாக்கியா இருந்தா என்ன?"

எனக்குச் சுட வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் துப்பாக்கி திரும்பி வரும். ஆர்லோ காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பழையதை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

மத்தியானத்துக்குள் மார்லாவுக்கு மான் விழுந்தது. பின்னந்தொடையைச் சுமந்து இறக்கியவன் நான். எனக்கும் ஒரு மான் தென்பட்டது. பழையபடி நடந்தே போனது.

அடுத்த ஞாயிறு அடுப்பில் எல்க் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. ஆர்லோ பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மானத்தை விட்டே சொன்னேன்.

"மார்லா, உண்மையைச் சொல்லிடறேன். எனக்குச் சுட வராது. எனக்கும் புதுசா ஒண்ணு வாங்கிக்கட்டுமா?"

அவள் இறைச்சியைத் திருப்பிப் போட்டாள்.

"வராதுன்னு கல்யாணமான வருஷமே தெரியும். ஆனா உங்க கையில புதுசும் தட்டு ஓரத்தைத்தானே பிச்சுது? அந்தக் காசுக்கு மெஷின் வாங்கிடலாம். அதுக்குக் குறி பாக்க வேணாம், நீங்களே துணி போடலாம்."