பார்வைக் கூலி

ஏழு குன்றுகளுக்கு நடுவே அஞ்சாபுரி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு அரசனுக்கு ஒருநாள் குடிகளின் கால்கள் மீது இரக்கம் பிறந்தது. பட்டணத்தின் எழுபது தெருக்களுக்கும் கல் பாவ வேண்டும் என்று ஆணையிட்டான். அரசனுக்கு இரக்கம் வந்தால் குடிகள் கதவைச் சாத்திக்கொள்வது நல்லது. அது அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கல் ஒழுங்காகப் பாவப்படுகிறதா என்று பார்க்க ஒரு தெருக் கண்காணியை நியமித்தார்கள். அவர் பார்ப்பதற்கு யார் கூலி தருவது என்று சபையில் கேள்வி எழுந்தது. தலைமை அமைச்சர் கண்ணை மூடி யோசித்தார்.

“தெரு யாருக்காக? நடப்பவனுக்காக. ஆகவே பார்வையும் அவனுக்காகவே. தனக்காக ஒருவர் பார்க்கும்போது கூலி கொடாதிருப்பது நன்றிகெட்ட செயலாகும்” என்றார்.

சபை மெச்சியது. தெருவில் கால் வைப்பவன் எவனோ அவனே பார்வைக் கூலி கட்ட வேண்டும், கட்ட வக்கில்லாதவன் கண்காணியின் பல்லக்கைச் சுமந்து கழிக்க வேண்டும் என்று முரசறைந்தார்கள்.

சாணைக்காரத் தெரு மருத்துவச்சி தைலம்மையின் கணவன் சடையன்தான் முதலில் அகப்பட்டான். முரசொலி அடங்குமுன் வெற்றிலை வாங்கத் தெருவில் இறங்கிவிட்டான் பாவி. பத்து நாள் சுமந்தால் போதும் என்றுதான் கூட்டிப்போனார்கள். ஆனால் அவன் சுமக்கச் சுமக்கக் கண்காணி பார்த்துக்கொண்டே வந்தார். பார்க்கப் பார்க்கக் கூலி ஏறிக்கொண்டே போயிற்று. பத்து நாள் ஐந்து மாதமாயிற்று.

தெருவுக்குக் கல் மட்டும் வரவில்லை. செம்மண் கொட்டி, நீர் தெளித்து, நிரவி வைத்திருந்தார்கள். கால் பட்டால் தடம் அச்சாக விழும். சாயங்காலம் ஒருவன் அளவுகோலோடு வந்து, பல்லக்குத் தூக்கிகளின் தடம் தவிர வேறு தடம் இருந்தால் அதை வீடுவீடாக ஒவ்வொருவர் காலோடும் பொருத்திப் பார்ப்பான். பொருத்திப் பார்த்த செலவும் கூலியில் சேரும். கோழி ஒன்று தெருவைக் கடந்ததற்கு அதை வளர்த்தவன் போனான். திரும்பி வரவில்லை.

அதன்பிறகு யாரும் தெருவில் இறங்கவில்லை. எல்லாம் புறக்கடை வழிதான். எதிர்ச்சாரி வீடுகள் வெளியூர் போல ஆயின. உப்பையும் புளியையும் துணியில் முடிந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எறிந்துகொண்டார்கள்.

நாள்தோறும் முற்பகலில் பல்லக்கு வரும். தைலம்மை கதவிடுக்கில் நின்று பார்ப்பாள். தெருவின் அகலத்தை அளக்கக் கண்காணி தம்மை ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சுமக்கச் சொல்வார். எந்த இடத்தில் குறுக்கே திரும்புவது என்பது மட்டும் முன்தூக்கியின் விருப்பம். சடையன்தான் முன்தூக்கி. அவன் ஒருநாளும் தலை நிமிர்ந்ததில்லை. அவன் போனபின் அவள் பார்ப்பது சுண்டுவிரல் இல்லாத அவன் வலக்காலின் தடத்தைத்தான்.

அன்று பல்லக்கு அவள் வாசலருகே வந்து குறுக்கே திரும்பி எதிர்வீட்டுப் படி வரை போயிற்று. தடங்கள் நெருக்கமாக, ஆழமாக விழுந்திருந்தன. மனிதன் தளர்ந்துவிட்டான் என்று நினைத்து அவள் அழுதாள்.

எதிர்வீட்டில் பவழம் விடியலிலிருந்து பிள்ளைவலியில் முனகிக்கொண்டிருந்தாள். உச்சிவேளையில் அவள் புருஷன் கூத்தன் வாசற்படிக்கு வந்தான்.

“தைலம்மக்கா, புள்ள குறுக்க கெடக்கு போலருக்கு. கை தட்டுப்படுது. நீ வரலேன்னா ரெண்டு உசுரும் போயிரும்.”

போன வாரம் அடுத்த தெருவில் தாயும் பிள்ளையுமாக ஒருத்தி இதே மாதிரிப் போய்ச் சேர்ந்திருந்தாள். யாரும் தெருவைத் தாண்டிப் போகவில்லை. தனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லிவிட்டுத் தைலம்மை கதவைச் சாத்தினாள். உண்மை, சாத்தினாள். கதவுக்கு இப்பால் நின்று காதைப் பொத்திக்கொண்டாள். பவழத்தின் அலறல் விரல்களைத் தாண்டி வந்தது.

மறுபடி கதவைத் திறந்தபோது அந்தத் தடங்கள் கண்ணில் பட்டன. அவள் கால் சிறியது. சடையனின் தடத்துக்குள் ஓரம் இடிக்காமல் அடங்கியது. ஒன்று, இரண்டு என்று பதினேழு தடம். பட்டப்பகலில், ஊரே கதவிடுக்கில் மூச்சடக்கிப் பார்க்க, அவள் கடந்தாள்.

வயிற்றைத் தடவித் தடவிப் பிள்ளையைத் திருப்பி வெளியே எடுக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. பெண். தாயும் பிழைத்தாள். அளவுகோல்காரன் வந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனான். ஆனால் பிள்ளை அழுததை அவன் கேட்டிருந்தான்.

மறுநாள் பல்லக்கு கூத்தன் வாசலில் நின்றது. திரை விலகியது.

“இவ்வீட்டில் ஒரு பயனாளி கூடியிருப்பதாக அறிகிறோம். நாளை நடக்கப்போகிறவர் இன்றே கடன்பட்டவர். பயனாளிக்கு இன்னும் தோள் முற்றாமையால், அவரை இத்தெருவுக்குக் கொண்டுவந்தவரே அவருக்காகச் சுமப்பார்” என்றார் கண்காணி.

தைலம்மையைச் சடையனுக்குப் பின்னால் நிறுத்தித் தண்டைத் தோளில் வைத்தார்கள். எலும்பு நெரிந்தது. கண்காணியோ ஒட்டடைக்குச்சி போன்ற ஆள்.

“ஏங்க, இந்த மனுசன் இம்புட்டுக் கனமா?” என்று அவள் கிசுகிசுத்தாள்.

சடையன் திரும்பவில்லை. “அவரு கனமில்ல புள்ள. ஆசனத்துக்கு அடியில கல்லு. நம்ம தெருவுக்குப் பாவ வேண்டிய கல்லு. எழுவது தெருவுக்கும் இந்த ஒரு சுமைதான். தெருத்தெருவாக் கொண்டுபோயி, பாத்தாச்சுன்னு எழுதிக்கிறாங்க.”

பல்லக்கு அடுத்த தெருவில் நுழைந்தது. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு வீட்டுக்குள்ளிருந்து பிள்ளைவலியின் முனகல் வந்தது. நேர் எதிரே ஒரு கதவிடுக்கில், பயந்த இரண்டு கண்கள்.

சடையன் அங்கே குறுக்கே திரும்பினான். அவன் வைத்த எட்டு சட்டென்று குறுகியது. ஒவ்வொரு அடிக்கும் குதிகாலை மண்ணில் ஊன்றி அழுத்தினான்.

“ஏன் இந்தத் தாமதம்?” என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“கனம், சாமி” என்றான் சடையன்.

தைலம்மைக்கு நேற்றைய தடங்கள் நினைவுக்கு வந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் தடத்திலேயே காலை வைத்து, தன் பங்குக்கும் அழுத்தினாள்.