கண்ணீரய்யாவின் மெத்தை

அந்தக் குளிர்காலம் முழுக்கப் படகுத்துறையில் ஒரே பேச்சு. கண்ணீரய்யா வந்திருக்கிறார். மரப்படகிலேயே குடியிருக்கும் குடும்பங்கள் அத்தனையும் அவர் படகுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றன. ஆளுக்கொரு நனைந்த மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே தொல்லைதான். காலையில் மெத்தையைத் தூக்கினால், அடியில் படுக்கைப் பலகை சொதசொதவென்று நனைந்து கிடக்கும். ஓரமெல்லாம் கறுப்புப் பூசணம். கண்ணீரய்யா அவரவர் படகுக்கே வந்து பலகையில் கன்னத்தை வைத்துக் கேட்பார். ஈரத்தை விரலால் தொட்டு இமையில் தடவிக்கொள்வார்.

"இது கடல்ல போனவங்க கண்ணீர். நாக்குல மட்டும் வச்சிடாதீங்க, நாக்கு அழுகிடும்."

யாருடைய கண்ணீர் என்பதையும் சொல்லிவிடுவார். செத்தவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேசுவதில்லை. இந்தத் தொழிலில் அது பெரிய வசதி. அழுத மெத்தையை அவரே எடுத்துக்கொள்வார். வெயிலில் காயப்போட்டு, ஆசி பெற்ற மெத்தை என்று அடுத்த படகுக்கு விற்பார். வலை பின்னுகிறவன் ஒருவன் தன் மெத்தையையே திரும்ப வாங்கிப் போனான். "நம்ம மெத்தையில இருந்த ஒட்டு இதுலயும் இருக்கு பாரு, என்ன அதிசயம்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இந்த வரிசையில் நங்கூரமும் நின்றான். சரக்குப் படகுக்காரன். ஒன்றை நம்பிவிட்டால் லேசில் நகரமாட்டான் என்பதால் அந்தப் பெயர். படகு அவன் அப்பாவுடையது. அப்பா கடலோடு போனவர். கண்ணீரய்யாவுக்கு இது போதாதா?

"அழறது உங்கப்பா" என்றார். "உன் சம்சாரம் இந்தப் படகுக்கு ஒத்துக்கல. அவ போனாத்தான் அழுகை நிக்கும்."

 மனைவி மேல் நங்கூரத்துக்கு உயிர். படகுகளுக்குப் பாய் தைக்கிறவள், வாய்க்கும் ஊசியைப் போலவே முனை உண்டு. தயங்கித் தயங்கி அவளிடம் சொன்னான்.

"நான் போனா ஈரம் நின்னுடுமா?"

"எனக்கென்னம்மா தெரியும். அய்யா சொல்றாரு."

"சரி. ஒரு வாரம் அக்கா வீட்ல இருக்கேன். தினமும் தூக்கிப் பாருங்க. பொய் சொல்லாம சொல்லணும்."

போய்விட்டாள். மறுநாள் காலையில் அவன் தூக்கிப் பார்த்தான். ஈரம் பாதிதான். அதற்கடுத்த நாளும் அப்படியே. அய்யா சொன்னது பலிக்கத் தொடங்கிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன் பலகை ஓரத்தில் உட்கார்ந்து அழுதான். கண்ணீர் உதடுவரை வழிந்து உப்புக் கரித்தது.

வாரம் முடிந்து அவள் வந்தாள்.

"குறைஞ்சுதா?"

"பாதியாயிடுச்சு" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"நல்லது. இப்ப நீங்க ஒரு வாரம் வெளிய படுங்க. நான் இங்க இருக்கேன்."

நங்கூரம் சரக்குக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் படுத்தான். வாரம் கழித்து வந்ததும் அவளே மெத்தையைத் தூக்கிக் காட்டினாள். அதே பாதி ஈரம்.

"உங்கப்பாவுக்கு உங்களையும் பிடிக்கல போலிருக்கே" என்றாள்.

பிறகு பலகையைத் தட்டிக் காட்டினாள்.

"ரெண்டு பேர் படுத்தா முழு ஈரம், ஒருத்தர் படுத்தா பாதி. குளிருக்குப் பயந்து மேல் கதவை இறுக்கி மூடிடறோம். நம்ம மூச்சும் உடம்புச் சூடும் எங்க போகும்? மெத்தை வழியா இறங்கி, சில்லுன்னு இருக்கற பலகையில தண்ணியா நிக்குது. கொதிக்கிற பாத்திரத்து மூடியை நீங்க திறந்ததே இல்லையா?"

நங்கூரம் பலகைப் பக்கம் குனிந்தான். பிறகு, துறையில் இதுவரை யாரும் செய்யாததைச் செய்தான். ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தான். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். நாக்கு அழுகவில்லை.

"உப்பே இல்ல" என்றான். "கண்ணீரும் உப்பு, கடல் தண்ணியும் உப்பு. இது சப்புன்னு இருக்கு. இந்த ஆளை நம்பி உன்னையே அனுப்பப் பார்த்தேனேம்மா."

அழுகாத நாக்கில் அதற்கப்புறம் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இருவரும் நேரே கண்ணீரய்யாவின் படகுக்குப் போனார்கள். வரிசை வழக்கம்போல நீண்டிருந்தது.

"அய்யா, உங்க மெத்தையைத் தூக்கிக் காட்டுங்க" என்றான் நங்கூரம்.

"என் படுக்கையை யாரும் தொடக் கூடாது. தோஷம்."

"ஊர்ப் படுக்கையெல்லாம் நீங்க தொடறீங்களே, அப்ப வராத தோஷமா?"

நங்கூரம் நகர்வதாக இல்லை. இந்த வாக்குவாதத்துக்கு நடுவில் அவன் மனைவி உள்ளே போய் மெத்தையைப் புரட்டிவிட்டாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. அடியில் முழுப் பலகையே இல்லை. விரல் நுழையும் இடைவெளி விட்டு வரிசையாக ஒல்லியான ரீப்பர் கட்டைகள். படுக்கைப் பெட்டியின் பக்கங்களில் காற்றுப் போகத் துளைகள். மேலே கதவு விரலளவு திறந்திருந்தது. எல்லாம் காய்ந்து கருவாடாகக் கிடந்தன.

"ஊருக்கெல்லாம் கண்ணீர், உனக்கு மட்டும் காத்தா?" என்று யாரோ கேட்டார்கள். வலை பின்னுகிறவன் தன் மெத்தையின் ஒட்டை இன்னொரு முறை பார்த்தான். இந்த முறை அவனுக்கு அதிசயமாகப் படவில்லை. கண்ணீரய்யா அவசரமாகப் படகை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது அவர் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. வலை பின்னுகிறவனின் கை பலமான கை.

எல்லாம் தெளிந்தது என்று நினைக்கிறீர்களா? வரிசையில் நின்ற ஒரு அம்மாள் மெதுவாக நங்கூரத்தின் பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, அந்த ரீப்பர் கட்டைக்கு யாருகிட்ட ஆசி வாங்கறது?"

நங்கூரம் அவளையும் அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் பார்த்தான்.

"ஆசி வேணாம்மா. ரம்பமும் ஆணியும் போதும். இந்த ஆள் போனா இன்னொருத்தன் வருவான். அவன் உங்க மெத்தையைத் தொடறதுக்கு முன்னாடி, அவன் மெத்தையை நீங்க தூக்கிப் பாருங்க."