1,00,003

எதிரிகள் பல பேர் சேர்ந்தாலும் பிரிக்க முடியாத ஓர் எண்ணை ஒரே கையெழுத்தில் உலகுக்கு அளித்த மேதை, திருப்பூர் பனியன் முதலாளி ரத்தினசாமி. கணித உலகம் இன்னும் அவருக்கு மாலை போடாதது அதன் பொறாமையையே காட்டுகிறது.

சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்டது 1,00,002 டீ-சர்ட்டுகள். பெட்டிக்கு 42 வீதம் 2,381 பெட்டிகள். முதலாளி மொய் எழுதுகிற பழக்கத்தில், "நல்ல காரியத்துக்கு ஒத்தப்படையில இருக்கோணும்" என்று ஒன்றைக் கூட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை, ஒரு சட்டையும் மிஞ்சக்கூடாது என்ற பையரின் நிபந்தனை அப்படியே இருந்தது.

பேக்கிங் சூப்பர்வைசர் மயிலாள் 42 வீதம் கட்டினாள். ஒன்று மிஞ்சியது. மேனேஜர் வேல்குமார் தலைமையில் 'உயர்மட்டக் குழு' கூடி, 41 வீதம் கட்டச் சொன்னது. நான்கு மிஞ்சின. 43 வீதம் கட்டியதில் இருபத்தெட்டு மிஞ்சின. மூன்று நாளாகப் பெட்டிகளைப் பிரித்துக் கட்டி அவள் விரல்கள் அட்டையில் கிழிந்திருந்தன. அன்று சாயங்காலம் கணியூரில் அவள் மகள் சுபஸ்ரீக்கு நிச்சயம்.

"மொதலாளி, ஒண்ணே ஒண்ணைக் கொறைச்சு பையருக்கு மெயில் போட்டா செரியாப் போயிருமுங்க. நானும் ஊருக்குப் பொறப்பட்டுருவனுங்க."

"கொறைக்கறதா? ராசி என்னாகறது அம்மிணி?"

கோவையிலிருந்து கணிதப் பேராசிரியர் வரவழைக்கப்பட்டார். காபி குடித்துவிட்டுச் சொன்னார்: "இது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும். ஆறிலக்கப் பகா எண்களில் இதுதான் முதலாவது."

"பர்ஸ்ட் ரேங்க்!" முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

குழு மீண்டும் கூடியது. எல்லாச் சட்டையையும் ஒரே பெட்டியில் போடலாம் என்ற யோசனை, பெட்டி வாசல் கேட்டைத் தாண்டாது என்பதால் 'வருத்தத்துடன்' கைவிடப்பட்டது. பெட்டிக்கு ஒரு சட்டை என்று ஒருமனதாகத் தீர்மானமானது. கட்டி முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்பது துணைத் தீர்மானம்.

"பொண்ணுக்கு இன்னைக்கு நிச்சயமுங்க" என்றாள் மயிலாள்.

"நிச்சயத்தை நாள் மாத்தி வெச்சுக்கலாம். நம்பரை மாத்த முடியுமா?" என்றார் முதலாளி.

மயிலாள் பதினாறு வருடம் பெட்டி கட்டிய கையால் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். செருப்பை மாட்டினாள்.

"அவ பேரை ரிஜிஸ்டர்ல இப்பவே அடிச்சுப்போடு!" என்று முதலாளி கத்தியது அவள் படியிறங்கும்போது கேட்டது.

வேல்குமார் தயங்கினான். "அடிச்சா ஒண்ணு கொறையுமுங்களே, ராசிக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?"

"ஆளுதானப்பா கொறையுது. சட்டையா கொறையுது?"