கப்டனுக்கு விரித்த பாய்

பெட்டியைத் திறந்து பார்த்த ஸெய்னுதீன் அப்படியே கதிரையில் குந்திவிட்டார். கொழும்பிலிருந்து ரயிலில் வந்த அறுபது பீங்கான் தட்டுகளில் முழுசாய்க் கிடந்தவை ஐந்து.

மணி பத்து. ஒரு மணிக்கு வெளிநாட்டுக் கப்பலின் கப்டன் இருபது பேரோடு சாப்பிட வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால், இனித் திருகோணமலைக்கு வருகிற அந்தக் கம்பனிக் கப்பல்காரர் எல்லாருக்கும் இங்கேதான் சாப்பாடும் படுக்கையும். பிடிக்காவிட்டால், திறந்து மூன்று மாதமாய் ஈ ஓட்டுகிற ஸெய்னுதீனின் 'ஹாபர் ஹோட்ட'லுக்குப் பூட்டுத்தான்.

"இதுக்கேன் இடிஞ்சுபோய் இருக்கிறீங்க? சஹன்ல வைப்பம்," என்றாள் மனைவி ஸுல்பிகா.

நல்ல யோசனைதான். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. வெள்ளைக்காரனுக்கும் புதினமாய் இருக்கும். பள்ளிவாசலில் நாலு சஹன் இரவல் வாங்கினார். ஹோட்டல் மேசை சின்னன், சஹன் கொள்ளவில்லை. மேசைகளைத் தூக்கிவிட்டுப் பாய் விரித்தார். அறை வெறிச்சோடிக் கிடந்தது. வாசலில் வண்ணக் கடதாசித் தோரணமும் கட்டினார்.

அட மனுசா, எங்கட ஊரில் பாய் விரித்துத் தோரணம் கட்டிச் சஹன் வைப்பது எதற்கென்று மறந்துபோச்சா?

குடாவின் அக்கரை ஊரான கிண்ணியாவிலிருந்து சந்தைக்கு வந்த மஹ்ரூப் எட்டிப் பார்த்தார். "என்ன காக்கா, மகள்ற கலியாணத்துக்கு ஒரு சொல் சொல்லேல்லையே! பரவாயில்லை, நாங்க கோவிக்க மாட்டம்." கையைக் கழுவிக்கொண்டு, கூட வந்த ஐந்து பேரோடு உட்கார்ந்துவிட்டார்.

"கலியாணமில்லை மஹ்ரூப்! கப்பல் கப்டன் வாறார்!"

"மாப்பிள்ளை கப்டனோ! மாஷா அல்லாஹ்!"

பாயில் உட்கார்ந்தவனை எப்படி எழுப்புவது? கெதியாய்ச் சோறு போட்டு அனுப்பிவிடலாம் என்று முதல் சஹனை வைத்தார். வாசனை சந்தைக்குப் போனது. கதை துறைக்குப் போனது. அடுத்த படகில் கிண்ணியாவே வந்து இறங்கியது. பெண்கள் கலியாண இனிப்பான வட்டிலப்பத்தோடு வந்து, மாடியில் படித்துக்கொண்டிருந்த மகள் பரீனாவைப் பிடித்து மருதோன்றி போட்டார்கள்.

"உம்மா, எனக்கு ஆர் மாப்பிள்ளை?" என்று அவள் கத்தினாள்.

"பேசாமல் கையை நீட்டு," என்றாள் ஸுல்பிகா. "இனிச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது."

கோழி முடிந்தது, சோறு முடிந்தது. கும்பலுக்கு வெற்றிலை கொடுத்துக் கும்பிடாத குறையாய் அனுப்பிவைத்தபோது மணி ஒன்றரை. கப்டனைக் காணவில்லை. அல்ஹம்துலில்லாஹ், பிந்திவிட்டார்! ஸெய்னுதீனே குசினியில் புகுந்து, சமையல்காரனோடு சேர்ந்து மறுபடி உலை வைத்தார். இரண்டரைக்கு நாலு சஹனும் ஆவி பறக்க மறுபடி பாயில் இருந்தன. ஸெய்னுதீன் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

கப்பல் கம்பனிக் கந்தோர் கிளாக்கர் நிக்கலஸ் மட்டும் தனியே வந்தார். கையில் றிபன் கட்டிய பெட்டி.

"கப்டன் எங்க, நிக்கலஸ்?"

"கப்பல் வெளிக்கிட்டிட்டுது, முதலாளி. அவர் சரியா ஒரு மணிக்கு வந்தவர். கூப்பிடாத கலியாணத்துக்குள்ள போறது மரியாதையில்லை எண்டு வாசலோட திரும்பிட்டார். இது பொம்பிளைக்கு அவர் குடுத்த பரிசு."