ஆமான்னே போட்டுக்கங்க

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உன் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் வந்து சேரும் நேரத்தில் நீ நல்ல உடம்போடும், உன் மேலாளர் நல்ல மனநிலையோடும் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் முறை. என் இடது முழங்காலையும் வலது கை ஆள்காட்டி விரலையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அது பொய்யுமில்லை. அவை இரண்டும் எப்படிக் கெட்டன என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் விரல் மேல் பழியைப் போடு. போனில் பேசலாமே என்பாய். வீட்டில் உள்ள ஒரே போன் உன் அக்கா கையில் இருக்கிறது, விஷயமும் உன் அக்காவைப் பற்றியது.

மூன்று மாதத்துக்கு முன்னால், நாட்டுப்புறத்து ஜனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், சிலர் ஏன் வெளியே போகிறார்கள், சிலர் ஏன் போகாமலே இருக்கிறார்கள் என்றெல்லாம் ஆராய்ச்சி பண்ணுகிற ஒரு நிறுவனத்தார் நம் ஊருக்கு வந்தார்கள். குலுக்கல் போட்டு நாற்பது வீடு எடுத்தார்கள், அதில் நம் வீடும் ஒன்று. என் ஆயுளில் எனக்கு விழுந்த முதல் குலுக்கல். பரிசு என்னவென்று கேட்டேன், கேள்விதான் என்றார்கள். கேட்பதற்கு ஒரு சின்னப் பெண் வந்தாள், தோளில் பையும் கையில் ஒரு டேப்லெட்டுமாக. முதலில் என்னை உட்கார வைத்து, கூரை எதனால் ஆனது, ஆடு எத்தனை, கோழி எத்தனை, பெட்டி எத்தனை, கட்டில் எத்தனை, போன ஏழு நாளில் சாப்பாடு போதாமல் போகுமோ என்று கவலைப்பட்டதுண்டா என்று வரிசையாகக் கேட்டாள். நானும் ஓய்வுபெற்ற ஒரு டைம் கீப்பருக்கு உரிய கௌரவத்தோடு பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். தினமும் வீட்டு வேலை எத்தனை மணி நேரம் பார்ப்பீர்கள் என்றதற்கு மூன்று மணி நேரம் என்றேன், அந்தச் சமயம் பார்த்து அடுக்களையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. வாய்ப்புக் கிடைத்தால் ஊரை விட்டுப் போவீர்களா என்றும் கேட்டாள். முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் நின்று ஊரில் பாதிப் பேரை ஏற்றி அனுப்பி விசில் ஊதியவன் நான், என் மச்சினன் போன வண்டிக்கும் நான்தான் ஊதினேன், நானாவது போவதாவது என்றேன். அவள் அத்தனையையும் விட்டுவிட்டு 'இல்லை' என்று ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

அதற்கப்புறம்தான் வினை. இனி அம்மாவிடம் தனியாகக் கேட்க வேண்டும், வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கக்கூடாது, அது ஆராய்ச்சி விதி என்றாள். என் வீட்டிலிருந்து என்னை வெளியே அனுப்பினார்கள் மாப்பிள்ளை. எனக்கு ஆனது இருபத்தைந்து நிமிஷம், உன் அக்காவுக்கு எழுபது. நேரம் பார்த்தே பிழைத்தவன் நான், ஒரு நிமிஷம் கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அதே கூரை, அதே கோழி, அதில் எழுபது நிமிஷத்துக்கு என்ன இருக்கிறது? தெருவில் போகிறவர்கள் எல்லாரும் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆகவே போன மாதம் அவள் இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது, நான் மறுபேச்சில்லாமல் வெளியே போகிறவன் போலப் போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, பின்பக்கத்து ஜன்னலுக்குக் கீழே கோழிக்கூண்டைப் பழுது பார்க்க உட்கார்ந்தேன். கூண்டில் பழுது எதுவும் இல்லாததால் முதலில் ஒரு கம்பியைப் பிடுங்க வேண்டியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னோடு பேசும்போது உன் அக்கா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "ஊரை விட்டுப் போ..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் மெஷினை மிதிக்கத் தொடங்கினார். மிதித்தார், மிதித்தார், திரைச்சீலை தைக்கிறாரோ கூடாரம் தைக்கிறாரோ தெரியாது. அவர் நிறுத்தியதும் உன் அக்கா குரல் தெளிவாகக் கேட்டது: "ஆமான்னே போட்டுக்கங்க."

அன்றைக்குப் போன நிம்மதி இன்றுவரை திரும்பவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. ஒரே தெருவை நாலு தடவை நடக்கிறேன். நேரே கேட்டுவிடலாம், ஆனால் ஒட்டுக் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தானே கேட்க முடியும்? அதனால் சுற்றி வளைத்து, இந்த ஊர்க் காற்று உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்றேன். காத்துல என்ன குறை என்றாள். அடுத்த நாள் அவளாகவே, காலை ஆறு நாற்பது வண்டி இன்னும் ஓடுகிறதா என்று என்னிடம் விசாரித்தாள். அதற்கடுத்த நாள் புதுச் செருப்போடு வந்தாள். பரணில் இருக்கிற பெரிய பெட்டியைப் பார்த்துவிடுவோம் என்று முக்காலி போட்டு ஏறினேன். பத்து வருஷத் தூசி இருக்க வேண்டிய பெட்டி பளிச்சென்று துடைத்து வைத்திருந்தது மாப்பிள்ளை. அதைக் கண்ட அதிர்ச்சியில் முக்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் போனது அப்போதுதான். சத்தம் கேட்டு வந்தவளிடம் எலி தேடினேன் என்றேன். அவள் நேரே போய்ப் பரணில் பெட்டியோரமாக எலிப்பொறி வைத்தாள். மறுநாள் பெட்டிக்குள் துணி அடுக்கியிருக்கிறாளா என்று பார்க்கக் கையை விட்டேன். விரல் அப்படித்தான் போனது.

ஊரில் யார் யார் எப்படிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாதா? முதலில் சும்மா வண்டி நேரம் விசாரிப்பார்கள், பிறகு செருப்பு வாங்குவார்கள், பிறகு ஒரு நாள் காலையில் பெட்டியோடு வந்து நிற்பார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கேள்வி கேட்கிற பெண்ணை டீக்கடையில் பிடித்து, என் மனைவி என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன். சொல்லக்கூடாது, இதில் யார் பெயரும் கிடையாது, வெறும் எண்தான் என்றாள். சரி அம்மா, பெயர் வேண்டாம், அந்த எண் என்ன சொன்னது என்று மட்டும் சொல் என்றேன். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "அவங்க சொன்னது அவங்களோடது சார். நீங்க அவங்ககிட்டயே கேக்கலாமே" என்றாள். என் பேத்தி வயசு இருக்கும்.

அதன் மேல் நான் நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். மேற்பார்வையாளர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, மிகவும் மரியாதையாக, நானே கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். அதில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. நாங்கள் விலகிக்கொள்கிறோம் என்றேன். உன் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இவர் வேணா விலகிக்கட்டும். நான் இருக்கேன். இத்தனை வருஷத்துல என் எதிர்ல உக்காந்து, நீ என்ன நினைக்கிறேன்னு கேட்டது இந்தப் பொண்ணு ஒருத்திதான்." மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார், நான் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். நாற்பது வீட்டில் என் வீடு மட்டும் இப்போது பாதி வீடாக ஆராய்ச்சியில் இருக்கிறது.

அவள் சொன்னது என்னமோ எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, அதற்கும் ஆமாம் என்றுவிட்டால்? ஆகையால் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். வெளியே இருக்கிறவன் சொன்னால்தான் எடுபடும். ஒரு அறையில் ஆறு பேர், ஆளுக்கொரு வேலை நேரம், ஒருவன் எழுந்த படுக்கையில் இன்னொருவன் படுக்கிறான் என்று நீ முதல் வருஷம் எழுதினாயே, அதைச் சொல். காய்ச்சல் வந்தால் தண்ணீர் தர ஆளில்லை என்றாயே, அதையும் சொல். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவனுக்கு ஒன்பது வருஷம் ஆகிவிடும் என்று மறக்காமல் சொல். நான் எழுதச் சொன்னதாக மட்டும் மூச்சு விடாதே.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி, தீர்க்காயுசோடு, தலைவலி கூட அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். தையல்காரரும் உன்னை விசாரித்தார், அவரோடு நான் இப்போது பேசுவதில்லை என்றாலும் அதைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

இப்படிக்கு,
உன் நலம் கோரும்
அக்கா வீட்டுக்காரர்

பி.கு. தம்பி, இது அக்கா எழுதறேன். உன் விலாசம் இவர் வாயிலயும் நுழையாது, கையிலயும் நுழையாது. அதனால உறை மேல எழுதிக் கொடுன்னு என்கிட்டயே கொடுத்தார். உள்ள இருக்கறதைப் படிக்காதேன்னு வேற சொன்னார். படிச்சேன். பெட்டியைத் துடைச்சது, அந்தப் பொண்ணு அதையும் எண்ண வருதே, தூசியோட எப்படிக் காட்டறதுன்னுதான். ஆறு நாற்பது வண்டியை விசாரிச்சது, அவ அதுலதான் வர்றேன்னா, டீ போட்டு வைக்கணும். செருப்பு அறுந்துபோச்சு, வாங்கினேன். இவர் கோழிக்கூண்டுகிட்ட உக்காந்திருந்தது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும், அதுக்குத்தான் சிரிச்சோம். அப்ப அவ கேட்டது நான் போறதைப் பத்தி இல்ல. "ஊரை விட்டுப் போன உங்க தம்பி திரும்பி வருவார்னு நினைக்கிறீங்களா"ன்னு கேட்டா. நான் விரல் விட்டு ஒன்பது வருஷத்தை எண்ணிப் பாத்தேன். அப்புறம், ஆமான்னே போட்டுக்கங்கன்னேன். நீங்க போவீங்களான்னு என்னை முதல் சுற்றுலயே கேட்டாச்சு, பதிலும் சொல்லியாச்சு. இவர் என்னைக் கேட்டா இவருக்கும் சொல்வேன். அடுத்த சுற்றுக்கு அடுத்த மாசம் வர்றா, எல்லாக் கேள்வியும் முதல்லேர்ந்து திரும்பக் கேப்பாளாம். உன்னைப் பத்திக் கேட்டா என்ன போட்டுக்கச் சொல்லட்டும்? அதை மட்டும் எழுது.