இரண்டாவது கழுதை

புரியாத படத்தைப் பார்த்துவிட்டு ‘ஆகா!’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் பொய் சொல்கிறவர்கள். மீதிப்பேர் நடுவில் தூங்கிப்போனவர்கள். நான் இரண்டையும் செய்தவன் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு.

இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்தவன் வினோத். கோயம்புத்தூரில் நான் இன்ஜினியரிங் படித்தபோது (படித்தேன் என்பது வீட்டில் சொன்ன கணக்கு) ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரன். அவன் பார்ப்பதெல்லாம் வெளிநாட்டு ‘கல்ட்’ படங்கள். அவற்றில் யாரும் யாரையும் காதலிக்க மாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள். ஒருவன் மீன்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுவான். ஒரு கிழவி டைப்ரைட்டரைக் கொடியில் காயப்போடுவாள். “என்னடா இது?” என்று கேட்டால், “மச்சி, இதெல்லாம் புரிஞ்சுக்கக் கூடாது, ஃபீல் பண்ணணும்” என்பான். நானும் ஃபீல் பண்ணிப் பார்த்தேன். பசியும் இடுப்பு வலியும்தான் ஃபீல் ஆயின. அதை வெளியே சொன்னால் மானம் போய்விடுமே! “செம படம்டா” என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தால் என் தலையில் இவ்வளவு வந்து விடிந்திருக்காது.

படிப்பு முடிந்து தென்காசிக்கு வந்து அப்பாவின் பம்ப்செட் கடையில் உட்கார்ந்த பிறகும் வீம்பு போகவில்லை. வினோத் கொடுத்த பென்டிரைவிலிருந்து தினமும் சாப்பிட்டதும் ஒரு படத்தைப் போடுவேன். பெயர் ஓடி முடிவதற்குள் தூங்கிவிடுவேன். காலையில் எழுந்து, ‘நேற்று ஒரு காவியம் பார்த்தேன்’ என்று ஸ்டேட்டஸ் வைப்பேன். (வாடிக்கையாளர்கள், “தம்பி, அந்த ஒன்றரை எச்பி மோட்டார் வந்துட்டா?” என்று அதற்குப் பதில் அனுப்புவார்கள்.)

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. எங்கள் பக்கத்தில் ‘உங்க பையனைப் பிடிக்கலை’ என்று யாரும் வாயால் சொல்வது கிடையாது. ‘கோயில்ல பூக்கட்டிப் பாத்தோம், வாக்கு வரலை’ என்பார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் ‘வயிறு மந்தமா இருக்கு’ என்பார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் கிளம்பினால் முடிந்தது. எல்லாமே சாடைதான்.

மூன்றாவது இடம் சுரண்டை. பெண்ணின் பெயர் கோமதி. பண்பொழி திருமலைக் கோயிலில் வைத்துப் பார்த்தோம்; மலைமேல் கோயில், படியும் உண்டு, வண்டி போகிற ரோடும் உண்டு. பெரியவர்கள் ஒதுங்கியதும், “படியேறியா வந்தீங்க?” என்று கேட்டாள். “ஆமா” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. “அப்ப கையில ஹெல்மெட் எதுக்கு?” என்றாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து அவர்கள் எங்கள் வீடு பார்க்க வர வேண்டும். வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கம் கிடையாது. ஆனால் அது சீசன் நேரம். குற்றாலத்தில் குளிக்கிற சாக்கில் அவளும் வந்துவிட்டாள். கூடவே அவள் அப்பா. மளிகைக்கடைக்காரர், பேச்சையும் எடைபோட்டுத்தான் கொடுப்பார். அவருடைய அக்கா, தாயில்லாப் பிள்ளையான கோமதியை வளர்த்தவர், சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். பிறகு தாய்மாமன் சுடலைமுத்து; ராயகிரிக்காரர், ரிட்டயர்டான போலீஸ் ஏட்டு. குளித்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்பது ஏற்பாடு. கை நனைத்துவிட்டால் கோமதி எனக்கு.

மழைக்கு அது பொறுக்கவில்லை. மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை என்று போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. ஐந்தருவியிலும் அதே கதை. பத்து மணிக்கே எல்லோரும் எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அரிசியே களையவில்லை. அம்மா அடுப்படிக்கு ஓடினாள். அப்பா, செங்கோட்டை பார்டரில் புரோட்டாவும் கோழியும் வாங்கிவருவதாகச் சொல்லி வண்டியை எடுத்தார். சீசன் நெரிசலில் எங்கே போய் மாட்டினாரோ, ஆளைக் காணோம்.

காபி கொடுக்க வந்த அம்மா சும்மா போயிருக்கலாம். “எங்க பிள்ளைக்கு பீடி சிகரெட்டுன்னு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது அண்ணாச்சி. ராத்திரி ஒரு இங்கிலீஷ் படம் பாக்கும், தூங்கிரும்” என்றாள்.

ஏட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“இங்கிலீஷ் படமா? ராத்திரியா?”

“ஆமா அண்ணாச்சி, தெனமும்.”

“கதவ சாத்திக்கிட்டா?”

“சாத்திக்கிட்டுத்தான். நமக்குத் தொந்தரவே கிடையாது” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். பெற்ற தாய்!

கோமதியின் அத்தை என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. “ஐயோ, அந்த மாதிரிப் படம் இல்லை, இது கலைப் படம்” என்று உளறினேன்.

“அப்படின்னா போடும், பாப்போம்” என்றார் ஏட்டு. “நல்ல படம்னா நாலு பேரோட உக்காந்து பாக்க வேண்டியதுதானே?”

போடாவிட்டால் அசிங்கமான படம் என்று ஆகிவிடும். போட்டேன். அந்தப் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் ரசிகர் யாராவது என் கடைக்கு மோட்டார் வாங்க வரக்கூடும், வியாபாரம் கெடும். மழைச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று சவுண்டையும் நிறைய வைத்தேன்.

பாலைவனம். கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவன் முதுகில் ஒரு மரக்கதவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். நடக்கிறான். நடந்துகொண்டே இருக்கிறான்.

“யாருவே இவன்?” என்றார் ஏட்டு.

“அது… ஒரு மனுஷன் மாமா.” (நிச்சயமாகாமலே ‘மாமா’! என் அவசரத்தைப் பாருங்கள்.)

“மனுசன்னு தெரியுது. கதவு யாரு வீட்டுக் கதவு? பூட்டு உடையல, பாத்தீரா? அப்ப சாவி வச்சித் திறந்து கழட்டியிருக்கான். வீட்டுக்குத் தெரிஞ்ச பயலோட வேலை இது.”

“மாமா, அதெல்லாம் குறியீடு. நேரா அர்த்தம் எடுக்கக் கூடாது.”

“எவனாவது காரணம் இல்லாம கதவைச் சொமப்பானாவே?”

அடுத்த காட்சியில் நீளமான மேசை. சுற்றிலும் விருந்தாளிகள். தலைப்பக்கத்தில் வெள்ளை உடுப்பில் கல்யாணப் பெண். “வேதக்காரவுக சர்ச்சுக் கல்யாணம், வெள்ளைதான் உடுத்துவாவ” என்று அத்தை தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நானும் மூச்சு விட்டேன். பிறகுதான் ஒரு வேலைக்காரன் வந்து கூஜாவைக் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழவில்லை.

“வெறுங்குடம்” என்றார் அத்தை.

மெழுகுவர்த்தி அணைந்தது. “வெளக்கு அமந்துபோச்சு.” இதுவும் அத்தைதான். தட்டுகளில் சாப்பாடு இல்லை. சும்மாவே கத்தியையும் கரண்டியையும் வைத்து எல்லோரும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அந்தப் பெண் கத்தரிக்கோலை எடுத்துத் தன் தலைமுடியைக் கொத்துக்கொத்தாக வெட்டித் தட்டில் வைத்தாள்.

“எய்யா! நல்ல காரியம் பேச வந்த எடத்துல இது என்ன கோட்டிக்காரத்தனம்?” அத்தை எழுந்தே விட்டார்.

அப்போதாவது நான் படத்தை நிறுத்தியிருக்க வேண்டும். ரிமோட்டைத் தேடினேன், காணவில்லை. சரி, விளக்கியாவது வைப்போம் என்று வாயைத் திறந்தேன். “முடின்னா அவளுடைய அடிமைத்தனம் அத்தை. அதை வெட்டி எறிகிறாள். இந்தக் கல்யாணமே வேண்டாம்னு சொல்கிறாள்” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

ஏட்டு மெதுவாக எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். “எனக்கு இப்பத்தான் வெளங்குது அத்தான்” என்றார், கோமதியின் அப்பாவைப் பார்த்து. “மொதல்ல கதவக் கழட்டிக் காட்டுனாரு. பொறப்படுங்கன்னு அர்த்தம். அப்புறம் மேசை நெறைய ஆளு, தட்டுல ஒண்ணும் இல்ல. உங்களுக்குச் சோறு கிடையாதுன்னு அர்த்தம். இப்ப கல்யாணமே வேண்டாமாம். வந்து இம்புட்டு நேரம் ஆச்சே, சோத்து வாசமாவது வந்துச்சா? வே, பொண்ணு பிடிக்கலன்னா பூ வாக்கு வரலன்னு சொல்லுறது. நாங்க கேட்டுக்கிட்டுப் போயிருவோம்லா? சினிமாப் போட்டா சொல்லணும்?”

வினோத் வகையறா அந்தப் படத்தை வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஆராய்ந்தும் பிடிபடாத அர்த்தத்தை, ராயகிரி ஏட்டு ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். அதுவும் எனக்கு எதிராக! பூ வாக்கும் கை நனைப்புமாக வாழ்கிற ஜனங்களிடம் போய்க் குறியீட்டைக் காட்டினால் இப்படித்தான் நடக்கும்.

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். “மைனி, அண்ணாச்சி, இந்தா சாப்பாடு வருது” என்று கெஞ்சினாள். அத்தை செருப்பில் கால் நுழைத்துவிட்டார். நான் கோமதியைப் பார்த்தேன். அவள் மட்டும் சோபாவிலிருந்து எழவே இல்லை. தலை குனிந்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அப்போது டிவியில் ஏதோ ஒரு பெரிய ஓட்டலின் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒரு கழுதை நின்றது. ஏன் நின்றது என்று கேட்காதீர்கள். வீடு அதிரக் கத்தியது.

வாசல்படியில் கோமதியின் அப்பா நின்றுவிட்டார். அவர் கடைக் கல்லாவுக்கு மேலே ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று எழுதின கழுதைப் படம் மாட்டியிருக்கிறது. தினமும் அதில் முழித்துவிட்டுத்தான் கடை திறப்பார்.

“அக்கா, பொறு. கழுதை கத்துது.”

“அதான் சொல்லுதேன், பொறப்படும்போது கழுதை கத்துனா போற காரியம் செயிக்கும். வா, போவோம்.”

“போற காரியம் இல்லக்கா. நாம வந்த காரியம்.”

இருவரும் ஏட்டைப் பார்த்தார்கள். ஏட்டு, “ஒருதடவ கத்துனத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். சாட்சி ஒன்று போதாதாம்.

மறுபடியும் லிஃப்ட் திறந்தது. மறுபடியும் கழுதை. மறுபடியும் அதே கத்தல்.

நான் திரும்பிப் பார்த்தேன். கோமதியின் சேலை முந்தானைக்கு அடியில் ரிமோட்டின் முனை தெரிந்தது. அவள் முகத்தில் ஒரு சலனம் இல்லை. வேறு எந்தப் படமாக இருந்தாலும், பின்னால் ஓட்டி இன்னொருதரம் போட்டதை ஒரு சின்னப்பிள்ளை கண்டுபிடித்திருக்கும். இந்தப் படத்தில் அது யாருக்குத் தெரியும்? என் வாழ்நாளில் இந்த ஜாதிப் படங்களால் நான் கண்ட ஒரே லாபம் அதுதான்.

“ரெண்டு கழுதை” என்றார் அவள் அப்பா. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏட்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, “சரி, எலையப் போடச் சொல்லுங்க” என்றார். அந்த நேரம் பார்த்து அப்பா நனைந்த புரோட்டாப் பொட்டலத்தோடு உள்ளே வந்து, “எல்லாரும் ஏன் வாசல்ல நிக்கீங்க? மழையா பாக்கீங்க?” என்று கேட்டார். எல்லோரும் கை நனைத்தார்கள். கோமதி மூன்று புரோட்டா சாப்பிட்டாள்.

கல்யாணம் ஆகி, மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வினோத் போன சீசனுக்குக் குடும்பத்தோடு வந்து தங்கினான். ஆசையாக அந்தப் படத்தைப் போட்டேன். “என்ன மச்சி இது, தலையும் புரியல, வாலும் புரியல. நல்ல காமெடிப் படம் ஏதாவது போடேன்” என்றான். அவனை அடிக்காமல் விட்டது கோமதி தடுத்ததால்தான்.

ஆனால் அந்தச் சனியன் பிடித்த படத்துக்கு நிஜமான ரசிகர் ஒருவர் இருக்கிறார். ஏட்டு மாமா. எதற்கு அப்படிப் பிடித்துப்போயிற்று என்று கேட்டால், “முடியாத கேஸுல்லாவே” என்கிறார். சீசன் தவறாமல் வருகிறார். அருவிப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, டிவி முன்னால்தான். கடையில் ஆள் நிற்கும்போது போன் பண்ணி, “மாப்ளே, அந்தக் கதவுக்குத் தாப்பா உள்பக்கமா, வெளிப்பக்கமா?” என்று கேட்பார். எனக்குத் தெரியாது என்று தலையில் அடித்துச் சொன்னாலும் கேட்கமாட்டார். ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்ன ஒருவனையும் அவர் சர்வீஸில் நம்பியதில்லையாம்.

எல்லாவற்றிலும் அவரை அரிப்பது கழுதைதான். போன வாரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு என் கண்ணால பாத்தேன் தாயி, ரெண்டு கழுதை வந்துச்சு. இப்ப எத்தனை தடவ போட்டாலும் ஒண்ணுதான் வருது. இன்னொண்ணு எங்க போச்சுன்னு உங்கப்பனுக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கான்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் கோமதியைப் பார்த்தேன். அவள் அடுப்படியில் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“அது எங்கயும் போகல மாமா. அதைத்தான அன்னைக்கே எனக்குக் கட்டி வச்சிட்டீங்க.”